ஓஓபி படிப்பிக்கும் சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும்: ஃபெக்டரியையும் ஜெனரிக்ஸையும் பிரிக்காதீர்கள்

கொழும்பில் டிகிரி, டிப்ளோமா வகுப்புகளில் ஒப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் எடுக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களிடம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளின் கோடை ரிவியூ செய்பவன் நான். ஃபெக்டரி, அதாவது ஒப்ஜெக்டை உருவாக்கித் தரும் கோட், எழுதச் சொன்னால் பெரும்பாலும் ஒரே அச்சுத்தான்: 'பைக்' என்று ஒரு ஸ்ட்ரிங் உள்ளே போகும், நீளமாக இஃப்-எல்ஸ் ஓடும், வாகனம் என்ற பொது டைப்பில் ஏதோ ஒன்று வெளியே வரும், கூப்பிட்டவர்தான் அதைக் காஸ்ட் பண்ணி, அதாவது வேண்டிய டைப்புக்கு மாற்றி, எடுக்க வேண்டும். ஸ்ட்ரிங்கில் ஓர் எழுத்துப் பிசகினாலும் கம்பைலர் வாயே திறக்காது. ஓடும்போதுதான் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, நோட்ஸில் இருப்பதே அதுதான்.

டைப்பையே பராமீட்டராகக் கொடுத்து, டைப் பிழையைக் கம்பைலரே பிடிக்க வைக்கும் வசதிதான் ஜெனரிக்ஸ். ஜாவாவுக்கு அது வந்தது 2004-இல். அதை விடுங்கள், நால்வர் சேர்ந்து 1994-இல் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்ற அந்த மூலப் புத்தகத்திலேயே, சி++ டெம்ப்ளேட் (ஜெனரிக்ஸ் போன்ற வசதி) வைத்து சப்கிளாஸ் எழுதாமல் ஃபெக்டரி மெதட் செய்யும் வழி இருக்கிறது! நோட்ஸுக்கு வரும் வழியில் அது எங்கே விழுந்தது?

ஜாவாவில், டி என்பது டைப் பராமீட்டர் என்றால், 'நியூ டி' என்று எழுத முடியாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகராதீர்கள். கம்பைல் ஆனதும் டைப் பராமீட்டர் அழிந்துவிடுவதால், ஓடும் நேரத்தில் டி என்றால் எந்தக் கிளாஸ் என்று தெரியாது. அதனால்தான் கன்ஸ்ட்ரக்டரையே ஒரு சப்ளையராக (கூப்பிட்டால் ஒப்ஜெக்ட் தரும் ஃபங்ஷனாக) வெளியிலிருந்து கொடுக்கிறோம், ஜாவா 8-இலிருந்து அது ஒரே வரி. சி ஷார்ப்பில் நியூ கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டால் 'நியூ டி' நேரடியாகவே வேலை செய்யும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அரை மணித்தியாலத்தில் புரிந்துவிடும்.

மெதட்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிட்டு ஒப்ஜெக்டைக் கட்டும் பில்டர்தான் பிள்ளைகள் உண்மையில் மாட்டுப்படும் இடம். பார்சல் பில்டரில் 'எடை' என்ற மெதட், அதன் சப்கிளாஸான குளிர்ப்பார்சல் பில்டரில் 'வெப்பநிலை' என்று வைப்போம். எடையை முதலில் கூப்பிட்டால் திரும்பி வருவது தாய் பில்டரின் டைப், அதில் வெப்பநிலை கிடையாது, கம்பைல் ஆகாது. வரிசையை மாற்றினால் கம்பைல் ஆகும், ஆனால் கடைசியில் கிடைக்கும் ஒப்ஜெக்டைத் திரும்பவும் காஸ்ட் பண்ண வேண்டி வரும். தாய் பில்டர், தன் சப்கிளாஸின் டைப்பையே பராமீட்டராக வாங்கி, மெதட்களிலிருந்து அதையே திருப்பிக் கொடுத்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது. பார்க்கப் பயமாக இருக்கும்தான், சரி, ஆனால் பிழையை முதலில் காட்டிவிட்டு எழுதினால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு ஒப்ஜெக்ட்தான் என்னும் சிங்கிள்டன் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. சி ஷார்ப்பில் ஜெனரிக் கிளாஸின் ஸ்டாட்டிக் ஃபீல்ட் ஒவ்வொரு டைப்புக்கும் தனித்தனி என்பதை மட்டுமாவது சொல்லிக்கொடுங்கள்.

ஸ்ட்ரிங் ஃபெக்டரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதை உருவாக்குவது என்பது கொன்ஃபிக் ஃபைலிலிருந்து வந்தால் வேறு வழியில்லை. அப்போதும் இஃப்-எல்ஸுக்குப் பதில், பெயரையும் சப்ளையரையும் ஒரு மேப்பில் போட்டுக்கொள்ளலாம். அப்புறம், பரீட்சையில் யாராவது ஜெனரிக்ஸ் போட்டு ஃபெக்டரி எழுதினால், மாடல் ஆன்சரில் இல்லை என்று தயவுசெய்து மார்க்ஸ் வெட்டாதீர்கள்.