நீதிபோதனை பீரியட் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர்கள் அடித்துக்கொண்டார்கள், ஆசிரியரை எதிர்த்துப் பேசினார்கள், கூடப் படிக்கும் பெண்ணின் படத்தை செல்போனில் பரப்பினார்கள் என்று எப்போது செய்தி வந்தாலும், அடுத்த சில நாட்களுக்கு வாசகர் கடிதங்களில் ஒரே கோரிக்கை வருகிறது. நீதிபோதனை வகுப்பை மறுபடி கொண்டுவர வேண்டும், பாடப்புத்தகத்தில் நற்பண்புகளைச் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். எழுதுகிறவர்களின் கவலை உண்மையான கவலைதான். ஆனால் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்கிற ஆசிரியை நான். அந்த வயதில் அவர்கள் எதைக் கவனிக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

இரண்டாவது பீரியடில் ‘பிறரை மதிக்க வேண்டும்’ என்று பாடம் நடக்கிறது. மூன்றாவது பீரியடில் விடைத்தாள் கொடுக்கும்போது மார்க்கை உரக்கப் படித்து, குறைவாக வாங்கியவனை எழுப்பி நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்கிறோம், வகுப்பே சிரிக்கிறது. மதியத்துக்குள் அந்த மார்க்கே அவனுக்குப் பட்டப்பெயர் ஆகிவிடுகிறது. அப்புறம் பட்டப்பெயர் வைத்த பையன்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறோம். அவர்களுக்கு அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தது யார்? பெரியவர்கள் கையில் அதிகாரம் இருக்கும்போது, பலம் குறைந்தவனிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைத்தான் அந்த வகுப்பு அன்றைக்குக் கற்றுக்கொண்டது.

மாணவர் மன்றங்களும் அப்படித்தான் இருக்கின்றன. பெரும்பாலான பள்ளிகளில் தேர்தல் உண்டு, பேட்ஜ் உண்டு, பதவியேற்பு கூட உண்டு. அதற்குப் பிறகு ஆண்டு முழுக்க அந்தப் பிள்ளைகள் செய்வது பிரேயரில் வரிசையைச் சரிசெய்வதும், ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசியவர்கள் பெயரை போர்டில் எழுதுவதும்தான். பள்ளியில் எந்த ஒரு முடிவிலும் அவர்களுடைய கருத்து ஏறியதாகச் சொல்ல முடியாது. சக மாணவனை மேலிடத்தில் காட்டிக்கொடுப்பதைத்தான் இப்படிப் பழக்குகிறோம், இதில் குடிமைப் பண்பு எங்கிருந்து வரும்?

பிள்ளைகளுக்கு உண்மையான பொறுப்பைக் கொடுத்துச் சரியாகச் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். போலந்தில் யானுஷ் கோர்ச்சாக் என்று ஒரு மருத்துவர் இருந்தார், எழுத்தாளரும் கூட. 1912-இல் வார்சாவில் திறந்த யூதக் குழந்தைகள் இல்லத்தை நடத்திய அவர், அங்கே பிள்ளைகளுக்கென்று ஒரு நீதிமன்றம் வைத்தார். நீதிபதிகள் பிள்ளைகள்தான், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். என்னைத் தள்ளிவிட்டான், என் பொருளை எடுத்துக்கொண்டான், என்னைக் கேலி செய்தான் என்று யார் வேண்டுமானாலும் யார் மீது வேண்டுமானாலும் வழக்குப் போடலாம், ஆசிரியர்கள் மீதும் போடலாம். அந்த மன்றத்துக்கு அவர் எழுதிய சட்டத்தொகுப்பில் முதல் 99 பிரிவுகளும் ஏதோ ஒரு விதத்தில் மன்னிப்பதற்கானவை. தெரியாமல் செய்தான், கோபத்தில் செய்தான், இனிமேல் செய்யமாட்டான் என்று ஒவ்வொரு காரணமாக அலசிப் பார்த்த பிறகுதான் கண்டிக்கிற பிரிவுகள் வரும். கோர்ச்சாக்கே சில முறை அந்த மன்றத்தின் முன் நின்றிருக்கிறார், அப்படி நின்றதுதான் தன்னை நல்ல ஆசிரியனாக்கியது என்று எழுதியும் இருக்கிறார். 1942-இல் நாஜிகள் அந்தக் குழந்தைகளை ட்ரெப்ளிங்கா முகாமுக்குக் கொண்டுபோனபோது, தான் மட்டும் தப்பிக்க வந்த வாய்ப்புகளை மறுத்துவிட்டு அவர்களோடேயே போய் உயிரை விட்டவர் அவர்.

குழந்தைகள் உரிமைக்கு உலக அளவில் ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று 1978-இல் ஐ.நா.வில் முன்மொழிந்ததும் அதே போலந்துதான். 1989 நவம்பர் 20-இல் ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு வயதுக்கேற்ற மதிப்புப் பெறவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. பள்ளி ஒழுங்கு நடவடிக்கை பிள்ளையின் கண்ணியத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்கிறது 28-ஆம் பிரிவு. மார்க்கை உரக்கப் படித்து அவமானப்படுத்துவது இந்த இரண்டில் எதில் அடங்கும் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு நாளாவது நாம் பேசியிருக்க வேண்டும்.

கோர்ச்சாக் நடத்தியது ஒரு சிறிய இல்லம், பெரிய பிள்ளைகளிடம் அதெல்லாம் எடுபடாது என்று சொல்பவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் 1974-இல் லாரன்ஸ் கோல்பெர்க் என்ற உளவியலாளரின் துணையோடு, ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே ஒரு சிறு பள்ளி தொடங்கியது. விதிகளை வாராந்திரக் கூட்டத்தில் எல்லோருமாகப் பேசி முடிவு செய்வார்கள், ஆசிரியருக்கும் ஒரு வாக்கு, மாணவனுக்கும் ஒரு வாக்கு. அங்கே ஒருவரின் பணம் களவு போனது. யார் எடுத்தது என்று தெரியாத நிலையில், நம் கூட்டத்துக்குள் நடந்ததற்கு நாம் எல்லோரும்தான் பொறுப்பு என்று பேசி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் சேர்ந்து எடுத்த முடிவு இது. எத்தனை நீதிபோதனை பீரியட் நடத்தினால் இந்த இடத்துக்கு வந்து சேர முடியும்?

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில் எனக்குத் தெரியும். பிள்ளைகள் தலைக்கு மேல் ஏறிவிடுவார்கள், சிலபஸ் முடியாது, பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். முதல் பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதிலிருந்து வருபவைதான். எல்லாவற்றையும் அவர்கள் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. பாடத்திட்டம், தேர்வு, பாதுகாப்பு இதெல்லாம் பெரியவர்கள் பொறுப்பு என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் விளையாட்டு மைதானம் எந்த நாளில் யாருக்கு என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். பையன்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள, பெண் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்க்கிற மைதானங்கள்தான் அதிகம். அந்த ஒரு விஷயத்தை இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து, கத்தாமல், முடிவு வரும்வரை பேசினாலே மரியாதை என்றால் என்ன என்பது பாதி புரிந்துவிடும். கழிப்பறை பராமரிப்பு, தாமதமாக வருகிறவர்களை எப்படி நடத்துவது, நூலக நேரம் எல்லாவற்றையும் இப்படிப் பேசலாம். அவர்கள் கேட்டதில் ஒன்றைக் கொடுக்க முடியாவிட்டால், ஏன் முடியாது என்று தலைமையாசிரியரே வந்து காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் சொல்லும் வழக்கம் இல்லாமல் மன்றம் நடத்துவதில் பயனே இல்லை.

கேலி, சீண்டல் பற்றியும் சுருக்கமாக ஒன்று. பின்லாந்தில் டுர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கிவா’ திட்டம் சீண்டுகிறவனையும் சீண்டப்படுகிறவனையும் மட்டும் பார்ப்பதில்லை, சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிற, சிரிக்கிற, வாயை மூடிக்கொள்கிற மற்ற பிள்ளைகளிடம் பேசுகிறது. சிரிப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் கேலி செய்பவனுக்கு அதில் கிடைப்பது குறைவு. நம் விசாரணைகளில் அந்த முப்பது பேரை யாருமே கூப்பிடுவதில்லை.

அதேபோல, யார் யாரோடு உட்கார்கிறார்கள் என்பதையும் சும்மா விட்டுவிடக் கூடாது. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் 1971-இல், வெள்ளை, கறுப்பின, மெக்சிக வழிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்ந்து மோதல் வெடித்தபோது, எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தையே துண்டு துண்டாகப் பிரித்தார். கலந்து உட்காரவைத்த குழுவில் ஒவ்வொருவனிடமும் ஒரு பகுதிதான் இருக்கும், மற்றவன் சொல்வதைக் கேட்காமல் யாராலும் தேர்வு எழுத முடியாது. அது சிறு வகுப்புதான் என்றாலும் மேல்வகுப்பில் வரலாற்றுக்கும் அறிவியலுக்கும் நன்றாகப் பொருந்துகிறது, நானே நடத்திப் பார்க்கிறேன். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை பேசும்போது மற்றவர்கள் நோட்டில் குறிப்பெடுக்கிறார்கள்.

கடைசியாகத் தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி ஆண்டுவிழாப் படங்களையும் தேர்ச்சி விகிதங்களையும் போடுகிறீர்கள், சரி. மாணவர் மன்றத்தில் எடுத்த ஒரு முடிவு உண்மையிலேயே நடைமுறைக்கு வந்த பள்ளிகளைப் பற்றியும் எழுதுங்கள், அந்த முடிவை எடுத்த பிள்ளைகளிடமே கேட்டு எழுதுங்கள். உங்கள் நிருபர் வந்து கேட்பார் என்று தெரிந்தால், மன்றத்தைப் பேருக்கு வைத்திருக்கிற பள்ளிகள் சிலவாவது அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கும்.

இப்படிக்கு,
ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை