மகளுக்கு: இறுகி நிற்கும் அக்சிலேற்றரைப் பற்றி

அக்கராயன்,
புரட்டாதி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டுகிறோம்.

செட்டிகுளத்தில் புழுதி உழவு தொடங்கிவிட்டது என்றும், வரம்போரம் திருப்பும்போது அக்சிலேற்றரைக் குறைத்த பிறகும் உங்களுடைய உழவு மெசின், அந்த மாசி பெர்குசன் டிராக்டர், வேகம் குறையாமல் ஓடியது என்றும் நீ தொலைபேசியில் சொன்னதில் இருந்து என் மனம் அதிலேயே நிற்கிறது. கையால் இழுத்துவிட்டால் சரியாகிவிடுகிறது, விதைப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மருமகன் சொல்வதாகவும் சொன்னாய். அவருடைய அவசரம் எனக்கு விளங்குகிறது. ஐப்பசி மழை யாருக்காகவும் காத்திராது. ஆனாலும் அக்சிலேற்றர் இறுகிய மெசினை வயலில் இறக்கக் கூடாது, பின்னால் டிரெயிலர்ப் பெட்டி பூட்டி வீதியில் ஓட்டவே கூடாது. இது அரை நாளில் பார்த்து முடிக்கக்கூடிய வேலை. தொலைபேசியில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதி அனுப்புகிறேன். மெசினுக்குப் பக்கத்தில் நின்று நீ வாசிக்க, மருமகன் செய்யட்டும். அல்லது அவர் வாசிக்க நீ செய். சின்ன வயதிலேயே என்னோடு நின்று ஸ்பனர் எடுத்துத் தந்த பிள்ளைக்கு இது புதிய வேலை இல்லை.

கழற்றத் தொடங்க முன்னர், எஞ்சின் உங்கள் சொல் கேளாமல் வேகமெடுத்தால் அதை எப்படி நிறுத்துவது என்பதை இருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திறப்பைத் திருப்பி நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள், இது பெற்றோல் எஞ்சின் அல்ல. இழுத்து நிறுத்தும் குமிழ், எஞ்சினுக்கு டீசலை அனுப்பும் பம்பில், அக்சிலேற்றர் லீவர் அல்லாத வேறொரு சிறிய லீவரை அசைத்து டீசலை மறிக்கிறது. ஆகவே முதல் வேலையாக அந்தக் குமிழை இழுத்து, பம்பில் அந்த லீவர் முழுத் தூரமும் போய் வருகிறதா என்று ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். அது வேலை செய்யாத நேரத்தில் இரண்டு பிரேக் பெடல்களையும் ஒன்றாகப் பூட்டி முழுப் பலத்தோடு மிதித்து, கிளச்சை அமத்தி, மிக உயர்ந்த கியரில் போட்டுக் கிளச்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் திணறி நின்றுவிடும். இதைச் செய்யும்போது முன்னும் பின்னும் ஒருவரும் நிற்கக் கூடாது. டாங்கியின் கீழே உள்ள குழாயைப் பூட்டினாலும் நிற்கும், ஆனால் வடிகட்டியிலும் குழாய்களிலும் உள்ள டீசல் முடியும் வரை ஓடிவிட்டுத்தான் நிற்கும். எதுவும் பலிக்காவிட்டால் காற்று இழுக்கும் வாயைத் தட்டையான பலகைத் துண்டால் மூடலாம். கையால் மூடக் கூடாது, துணியும் வேண்டாம், அதை உள்ளே இழுத்துவிடும்.

இனி எங்கே இறுகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விதம். இந்த வேலையில் முக்கால் பங்கும் இதுதான். இடம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒயில் ஊற்றுவதால் பயனில்லை. நீ அக்சிலேற்றரை அசைக்கும்போது நேரடியாக டீசலைத் திறந்து விடுவதில்லை. இந்த வேகத்தில் ஓடு என்று பம்பினுள் இருக்கும் கவர்னருக்கு உத்தரவு கொடுக்கிறாய். கலப்பை பாரமாக இருந்தால் கவர்னர் டீசலைக் கூட்டும், பாரம் குறைந்தால் தானே குறைக்கும். அதனால் எஞ்சின் ஓடும் சத்தத்திலேயே பாதி விடை இருக்கிறது. கலப்பையை நிலத்தில் இருந்து தூக்கும்போது சத்தம் கொஞ்சம் ஏறி, உடனே பழைய வேகத்துக்கே வந்து நிதானமாக ஓடினால் கவர்னர் வேலை செய்கிறது. உன் உத்தரவைக் கொண்டுபோகும் கம்பிகளோ லீவரோதான் எங்கேயோ சிக்கி நிற்கிறது. அப்படியில்லாமல், கலப்பையைத் தூக்கியதும் எஞ்சின் அலறிக்கொண்டு மேலே மேலே ஏறினால், பம்பினுள் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் சிறிய தண்டு, மெக்கானிக்மார் மீட்டரிங் வால்வு என்று சொல்வது, அசையாமல் பிடித்து நிற்கிறது என்று பொருள். இரண்டாவது வகை மிக ஆபத்தானது. நிறுத்தும் குமிழும் அதே வால்வை மூடித்தான் டீசலை மறிக்கிறது என்பதால், வால்வு பிடித்துவிட்டால் குமிழை இழுத்தும் எஞ்சின் நிற்காமல் போகலாம்.

மருமகன் கையால் இழுத்தால் சரியாகிறது என்று சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை என்றே நினைக்கிறேன். உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. எஞ்சினை நிறுத்தி, ஆற விட்டு, பம்பின் லீவரில் வந்து பூட்டும் கம்பியைக் கழற்றி விடுங்கள். பிறகு லீவரை ஒற்றை விரலால் தள்ளிப் பாருங்கள். லீவர் முட்டி நிற்கும் ஒரு முனை ஆணியில் இருந்து மறு முனை ஆணி வரைக்கும் பிசிறில்லாமல் போய் வந்தால் லீவரில் இறுக்கம் இல்லை, கம்பிகளில் தேடுங்கள். லீவரே இறுக்கமாக இருந்தால் அது ஏறி நிற்கும் தண்டின் கழுத்தில் துருவும் சேறும் சேர்ந்திருக்கும்.

கழற்றும்போது ஒரு கவனம். மாசி பெர்குசன் 135 இங்கிலாந்தில் 1964 இல் வரத் தொடங்கிய மெசின், அதன் சுரைகள் அங்குல அளவில் உள்ளவை. 13 மில்லிமீற்றர் ஸ்பனர் அரை அங்குலச் சுரையில் ஏறும், ஆனால் ஆடும். துருப்பிடித்த சுரையில் அதைப் போட்டு அழுத்தினால் மூலைகள் மழுங்கிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். என்னுடைய அங்குல ஸ்பனர்களில் 7/16, 1/2, 9/16 மூன்றையும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

கம்பிகளைப் பார்க்கும்போது காலால் மிதிக்கும் பெடலில் இருந்து தொடங்குங்கள். சிறுபோகத்தில் இரும்புச் சில்லுப் பூட்டிச் சேறடித்த மெசின் அது. சேறு பெடலின் அச்சுக்குள் போய்க் காய்ந்து, அதன் மேல் இப்போது செம்மண் புழுதி படிந்து, இரண்டும் சேர்ந்து சுட்ட ஓடு போல இறுகியிருக்கும். வெளியே துடைத்தால் சுத்தமாகத் தெரியும். அச்சைக் கழற்றி உருவினால்தான் உள்ளே இருப்பது தெரியும். உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, துருவை நைஸான அரத்தாளால் எடுத்து, மெல்லிதாகக் கிறீஸ் பூசிப் போடுங்கள். அப்பிப் பூசினால் அடுத்த உழவுப் புழுதி முழுவதும் அதிலேயே வந்து ஒட்டும். பிறகு கம்பிகளின் முனையில் உள்ள பந்து மூட்டுகள். ஒவ்வொன்றையும் கழற்றிக் கையால் சுழற்றிப் பார்த்தால் எது கடிக்கிறது என்று விரலுக்கே தெரியும். துருவேறியதை மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் சரிபாதி கலந்ததில் இரவு முழுவதும் ஊறப் போடுங்கள். சுத்தியலால் தட்டி இளக்க வேண்டாம். 2010 இல் நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது மழையிலும் வெயிலிலும் கேட்பாரற்று நின்று துருப்பிடித்த மெசின்கள் எத்தனையோ கைக்கு வந்தன. அவற்றில் தட்டி எடுத்தவை பெரும்பாலும் உடைந்தன, ஊற வைத்து எடுத்தவை இன்றும் இந்தப் பக்கத்து வயல்களில் ஓடுகின்றன.

மூட்டில் அது கழன்றுவிடாமல் பிடிக்கும் ஸ்பிளிற் பின் இல்லாத இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கியிருக்கிறதா என்று பார். வன்னியில் பழைய மெசின் என்றால் கட்டுக்கம்பி இல்லாமல் இராது, பொருள் கிடைக்காத காலத்தில் அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அக்சிலேற்றர்க் கம்பியில் அதை வைத்திருக்கக் கூடாது. முறுக்கிய முனை நீண்டு நின்று, பெடலை முழுவதும் அமத்தும்போது மிதிதட்டின் விளிம்பில் கொளுவி, காலை எடுத்தாலும் திரும்பி வராமல் பிடித்துக்கொள்ளும். உங்களுடைய மெசின் சில வேளை இறுகியும் சில வேளை இறுகாமலும் இருப்பதற்கு இப்படியான ஒன்றுதான் காரணம் என்பது என் ஊகம். வைக்கோலும் எலிக் கூடும்கூட அந்த இடுக்கில் இருக்கக்கூடும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள கை லீவர் வேறு விதமானது. வைத்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக அதன் அடியில் ஒரு ஸ்பிறிங்கும் உராய்வுத் தட்டுகளும் வேண்டுமென்றே அதை இறுக்கிப் பிடிக்கின்றன. அந்தச் சுரையை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் லீவர் அசையாது, கொஞ்சம் இளக்கினால் போதும். ஆனால் அந்தத் தட்டுகளில் ஒயிலோ கிறீஸோ படக் கூடாது. பட்டால் எஞ்சின் அதிர்வில் லீவர் தானே நழுவும். கால் பெடலுக்குத் தாராளமாகக் கொடுக்கும் ஒயில் இங்கே ஆகாது என்பதை மருமகனுக்கு அழுத்திச் சொல்.

திரும்ப இழுக்கும் ஸ்பிறிங்கையும் பார்த்துவிடுங்கள். வளையங்கள் விலகித் தொங்கினால் அது வலுவிழந்துவிட்டது. கையில் கிடைக்கும் சைக்கிள் ஸ்பிறிங்கையோ வேறொன்றையோ போட வேண்டாம். வலுக் குறைந்தது பெடலைத் திருப்பாது, வலுக் கூடியது பம்பின் தண்டை ஒரு பக்கமாக இழுத்துக் கழுத்தைத் தேய்த்து டீசல் கசிய வைக்கும். அந்த மெசினுக்குரிய ஸ்பிறிங் பெரிய விலையில்லை, வவுனியா நகரத்தில் உதிரிப்பாகக் கடைகளில் கேட்டு வாங்கலாம்.

பம்பின் லீவரே இறுக்கமாக இருந்தால், தண்டின் கழுத்தைச் சுற்றித் தூரிகையால் சுத்தம் செய்து, அதே ஒயில் கலவையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, லீவரை மெதுவாக இருபக்கமும் அசைத்துக்கொண்டிருங்கள். பெரும்பாலும் இளகிவிடும். அதற்கு மேலே பம்பைத் திறக்க வேண்டாம். அது சிஏவி என்ற நிறுவனத்தின் டிபிஏ வகைப் பம்ப். உள்ளே உள்ள பாகங்கள் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் ஒன்றோடொன்று பொருந்தியவை, வயற்கரைக் காற்றில் உள்ள ஒரு துளி மணல் போதும் அதைக் கெடுக்க. அதிகபட்ச வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஆணியில் கம்பியும் ஈய முத்திரையும் போட்டிருக்கும், அதையும் தொடக் கூடாது. மீட்டரிங் வால்வு பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் பம்பை முழுதாகக் கழற்றி, சோதனை மேசை உள்ள பம்ப் திருத்தும் இடத்துக்கே கொண்டுபோக வேண்டும். செலவு வரும். பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்காக மருமகன் யோசிக்க வேண்டாம்.

அந்த வால்வு ஏன் பிடிக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் இனி அது உங்கள் கையில்தான் இருக்கிறது. இந்தப் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதற்கு மசகு. டீசலில் தண்ணீர் கலந்தால் உள்ளே துருப்பிடிக்கும், நாட்பட்ட டீசல் பிசினாகி வால்வில் ஒட்டும். 2022 இல் டீசல் தட்டுப்பாடு வந்து கியூஆர் அட்டைக்குப் பங்கு முறையில் கொடுத்தபோது எல்லோரும் கான்களிலும் பரல்களிலும் சேர்த்து வைத்தோம். அப்படி வைத்ததன் அடியில் தண்ணீரும் வண்டலும் நிற்கும். உங்கள் கொட்டிலில் பழைய கான் ஏதும் இருந்தால் அதை மெசினுக்கு ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் கலப்பதும் வேண்டாம், அது மசகைக் குறைத்து பம்பைத் தின்னும். உழவு முடிந்த மாலையிலேயே டாங்கியை நிரப்பி வைத்தால் இரவுப் பனியில் உள்ளே நீர் கோர்ப்பது குறையும். வடிகட்டியின் அடிக் கிண்ணத்தை மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து, அடியில் குமிழாக நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடித்த பின் காற்றை வெளியேற்றும் முறை உனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு எஞ்சினை உடனே எழுப்பாதீர்கள். நிறுத்திய நிலையிலேயே ஒருவர் பெடலை முழுவதும் மிதித்து விட, மற்றவர் பம்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மிதிக்கும்போது லீவர் மேல் ஆணியில் போய்ப் படவும், விட்டதும் தானே திரும்பி கீழ் ஆணியில் டக்கென்று விழவும் வேண்டும். ஒன்றில் படாவிட்டால் கம்பியின் மரை முனையைச் சுற்றி நீளத்தைச் சரிசெய்யலாம். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கை லீவரைக் கூட்டிக் குறைத்து, மறுபடியும் பாருங்கள். பிறகுதான் கியர் போடாமல் எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின்னரும் அதேபோல் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். குளிரில் சரியாக இருந்து சூட்டில் இறுகுவதும் உண்டு.

இதெல்லாம் முடிந்து மெசின் சொல் கேட்கும் வரைக்கும் பேரனை மட்காட்டில் இருத்தி ஓட்ட வேண்டாம். முடிந்த பிறகும் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், அம்மாவும் அதையே எழுதச் சொல்கிறா.

ஸ்பனர் மூன்றையும் பந்து மூட்டு ஒரு சோடியையும் நாளைக் காலை வவுனியா பஸ்ஸில் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுகிறேன். மருமகன் பஸ் நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்ளட்டும். கம்பியைக் கழற்றியதும் பம்ப் லீவர் விரலுக்கு அசைந்ததா இல்லையா, கலப்பையைத் தூக்கும்போது சத்தம் எப்படி இருந்தது என்ற இரண்டையும் அன்றிரவே எனக்குச் சொல்ல வேண்டும். லீவர் அசையவில்லை என்றால் நான் அடுத்த பஸ்ஸிலேயே வருகிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்
அப்பா