கால் இருக்கிறது, ஆனால் தன்னுடையதாகத் தெரியவில்லை

ஆசிரியருக்கு,

நல்ல காலை வெட்டிவிடச் சொல்லி டாக்டர்களிடம் கெஞ்சுகிறவர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தலைப்பில் ‘விபரீத ஆசை’ என்கிறீர்கள், கடைசிப் பத்தியில் ‘காரணம் மூளைதான், விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

நான் இருபது வருடங்களுக்கு மேலாகச் செயற்கைக் கால் செய்கிறவன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்ட ஓர் ஆட்டோக்காரருக்குச் சாக்கெட் (மிச்சக் கால் நுழையும் கிண்ணம்) அளவெடுக்கப் பிளாஸ்டர் துணி சுற்றிக்கொண்டிருந்தேன், “அண்ணே, கட்டைவிரல் மடங்கிக் கிடக்குது, கொஞ்சம் நிமித்தி விடுங்க” என்றார். கால் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருக்குப் புத்தி கலங்கவில்லை, மூளையில் இருக்கும் உடம்பின் படத்தில் அந்தக் கால் இன்னும் அழியவில்லை, அவ்வளவுதான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், இருக்கிற கையைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத கையின் வலியைச் சிலருக்குக் குறைத்தது இதை வைத்துத்தான்.

நீங்கள் எழுதியது இதற்கு நேர் எதிர். கால் இருக்கிறது, தொட்டால் உணர்ச்சி இருக்கிறது, நடக்கவும் முடிகிறது, ஆனால் அது தன்னுடையது என்ற எண்ணம் மட்டும் வருவதில்லை. பலருக்குச் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். எந்த இடத்தோடு தன் உடம்பு முடிகிறது என்று தொடையில் பேனாவால் கோடு போட்டே காட்டுகிறார்கள். 2011-இல் மெக்கியோக், ராமச்சந்திரன் குழு இப்படிப்பட்ட நான்கு பேரைச் சோதித்தது. கோட்டுக்குக் கீழே தொட்டபோது, மூளையின் வலப்பக்கம் உச்சிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் சுப்பீரியர் பெரைட்டல் லோப்யூல் என்ற, உடம்பின் படத்தைச் சேர்த்துவைக்கும் பகுதி வழக்கம்போல வேலை செய்யவில்லை. 2013-இல் சூரிச்சில் 13 பேரை ஸ்கேன் செய்ததில் அதே இடத்தில் மூளையின் மேலடுக்கு (கார்ட்டெக்ஸ்) மெலிந்திருந்தது.

சரி, மெலிந்ததால் கால் அந்நியமானதா, முப்பது நாற்பது வருடம் அந்தக் காலை ஒதுக்கியே வாழ்ந்ததால் மெலிந்ததா? ஸ்கேன் அதைச் சொல்லாது. நான்கு பேர், 13 பேர் என்பதெல்லாம் ஆரம்பம்தான், ‘கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று போடும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஸ்காட்லாந்தின் பால்கிர்க்கில் ராபர்ட் ஸ்மித் என்ற சர்ஜன் 1997-லும் 1999-லும் இரண்டு பேருக்கு நல்ல காலையே எடுத்தார், விஷயம் வெளியே வந்ததும் மருத்துவமனை தடை போட்டது. அந்த இருவரும் நிம்மதியாக இருப்பதாக ஸ்மித் சொன்னார். எனக்கு இதை ஏற்க மனம் வரவில்லை, தினமும் போன காலை நினைத்து அழுகிறவர்களோடுதானே என் பிழைப்பு! ஆனாலும் அந்த இருவரும் பட்ட பாட்டை ‘ஆசை’ என்ற சொல்லுக்குள் என்னால் அடக்க முடியவில்லை.

அப்புறம், திருநங்கைகளையும் போகிறபோக்கில் இதே வரியில் சேர்த்துவிட்டீர்களே, அது பெரிய தவறு. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11, திருநங்கைகளின் பாலின விஷயத்தை மனநோய்ப் பட்டியலிலிருந்தே எடுத்துப் பாலியல் நலப் பகுதிக்கு மாற்றிவிட்டது, இந்தக் கால் விஷயத்தையோ மனநலப் பகுதியில்தான் புதிதாகச் சேர்த்திருக்கிறது. அந்த ஒரு வரிக்காவது திருத்தம் போடுங்கள்.

— செயற்கைக் கால் செய்யும் வாசகர், தாம்பரம்