காரு நாகப்பட்டினத்துல, நாங்க திருவனந்தபுரத்துல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நாகப்பட்டினத்துல இருந்து இலங்கையில உள்ள காங்கேசன்துறைக்கு ஓடுற கப்பல பத்தி பேப்பர்ல அப்பப்ப செய்தி வருது. 2023 அக்டோபர்ல தொடங்கினப்ப வந்துச்சு, கொஞ்ச நாள்ல நின்னப்ப வந்துச்சு, 2024 ஆகஸ்டுல சிவகங்கைனு வேற கப்பல் விட்டப்பவும் வந்துச்சு. கொடி அசைக்கிற போட்டோ எல்லாம் நல்லாத்தான் போடுறீங்க, ஆனா அதுல ஏறணும்னு நெனைக்கிற குடும்பத்துக்கு வேண்டிய விவரம் மட்டும் வர மாட்டேங்குது. அதான் எழுதுறேன், நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க.

நான் குளச்சல் பக்கம். பத்து வருசம் வளைகுடாவுல வேல பாத்தவன், அங்க வச்சு பழகி கட்டிக்கிட்டது பிலிப்பைன்ஸ்காரி. கல்யாணம் பதிவு பண்ணி ஒன்றரை வருசம் ஆவுது. இப்ப ஆன்லைன்ல வாங்குற இ-விசாவுல திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல எறங்கி எங்க வீட்டுல இருக்கா, எனக்க அம்மைய விட நல்லா மீன்கொழம்பு வைக்கா. (இந்த வரிய மட்டும் அம்மை கண்ணுல படாம பாத்துக்கணும்.)

நாங்க போட்ட பிளான் இதுதான். வடகிழக்கு மழை சமயத்துல அந்த கப்பல நம்ப முடியாது, நிறுத்திருவாங்க, அதனால மார்ச். சொந்த காருல விடியக்காலம் கெளம்பி உவரி அந்தோணியார் கோயில், மணப்பாடு, தூத்துக்குடி, ராமநாதபுரம்னு கடற்கரை ரோட்டையே புடிச்சு நானூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டி வேளாங்கண்ணியில ஒரு ராத்திரி தங்கியது, அடுத்த நாள் கப்பல். யாழ்ப்பாணம், நல்லூர், அப்படியே கீழ எறங்கி மன்னார் பக்கம் மடு மாதா கோயில். மாதா கோயில்னா அவ எத்தன தூரம்னாலும் வருவா.

பிளான் கேட்டதும் அவ கேட்ட மொத கேள்வி, கப்பல்ல காரு எந்த தட்டுல நிக்கும்னு. அவுங்க ஊர்ல பட்டாங்காஸ்ல இருந்து கலப்பானுக்கு பஸ்சு, லாரி, காரு எல்லாம் நேரா கப்பலுக்க வயித்துக்குள்ள ஓட்டிட்டு போயிருவாங்களாம், ஆளுங்க மாடியேறி நூடுல்ஸ் தின்னுட்டு இருப்பாங்களாம், அந்த கரை வந்ததும் எறங்கி வண்டிய எடுத்துட்டு போறது. இது ஆளு மட்டும் போற கப்பல், 150 சீட்டுதான், காரு ஏறாதுன்னு நான் சொன்னா சிரிக்கா. அட, நம்ம நாட்டுலயும் இல்லாத சங்கதி இல்லியே, குஜராத்துல கோகாவுக்கும் ஹசீராவுக்கும் நடுவுல லாரிய ஏத்திக்கிட்டு கப்பல் ஓடுது, கொச்சி போனா வைப்பின் ஜங்கார்ல நாமளே காரோட ஏறியிருக்கோம்.

செரி, காரு நாகப்பட்டினத்துல கெடக்கட்டும், இலங்கையில போய் டிரைவரோட வண்டி எடுத்துக்கலாம்னு மனச தேத்திக்கிட்டோம். நம்ம ஊரு லைசென்ஸ மட்டும் காட்டி அங்க ஓட்டவும் முடியாது, அந்த நாட்டு பெர்மிட் தனியா எடுக்கணும். இலங்கைக்கு ஈடிஏன்னு ஒரு பயண அனுமதியும் ஆளாளுக்கு ஆன்லைன்ல போடணும். இதெல்லாம் பெரிய காரியம் இல்ல, செய்துரலாம்.

இனிதான் விசயமே. இ-விசாவுல வந்த வெளிநாட்டு ஆளு நம்ம நாட்ட விட்டு வெளிய போறதுக்கு குடியேற்றச் சோதனை இருக்க எந்த வழியா வேணும்னாலும் போலாம், ஆனா உள்ள வரணும்னா அரசாங்கம் லிஸ்ட் போட்டிருக்க எடங்க வழியாத்தான் வரணும். போறதுக்கு ஒரு சட்டம் வாறதுக்கு ஒரு சட்டம். நாகப்பட்டினம் அந்த லிஸ்ட்டுல இல்லன்னா அவ அதே கப்பல்ல திரும்பி வர முடியாது. அது போக, அந்த விசாவுல எத்தன தடவ உள்ள வரலாம்னும் பாக்கணும். இத எந்த ஏஜெண்டும் எனக்கு சொல்லல. ஒருத்தர்ட்ட கேட்டேன், "போலாம் சார், டிக்கெட் போடவா"ன்னாரு. திரும்பி வாறதுக்குன்னு இழுத்தேன், "அதெல்லாம் வரலாம் சார், பொண்டாட்டிதானே"ன்னாரு. பொண்டாட்டின்னா எனக்கு பொண்டாட்டி, கவுண்டர்ல உக்காந்திருக்கவருக்கு அவ பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்தானே. மனசு கேக்காம நானே உக்காந்து விதிய படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்ப கொழும்புல இருந்து திருவனந்தபுரத்துக்கு பிளைட்ல வந்துருங்கன்னு கூட்டுக்காரன் ஒருத்தன் யோசனை சொன்னான், அது லிஸ்ட்டுல உள்ள ஏர்போர்ட்தான், ஒரு பிரச்சனையும் இல்ல. எல்லாம் செரி மக்கா, காரு நாகப்பட்டினத்துல நிக்குமே! அத எடுக்க நான் மறுபடியும் பஸ் ஏறி ஒரு ராத்திரி முழுக்க போணும். ஊர்ல இத சொன்னா வயிறு வலிக்க சிரிக்கானுவ.

இதுக்கு ஓசிஐ கார்டு (இந்தியர கட்டிக்கிட்ட வெளிநாட்டு ஆளுங்களுக்கும் விசா இல்லாம வந்து போக குடுக்குற அட்டை) இருந்தா தீந்துச்சு, ஆனா புருசன் பொண்டாட்டி வகையில அது கேக்கணும்னா கல்யாணம் பதிவு பண்ணி ரெண்டு வருசம் முழுசா முடியணும், எங்களுக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கு. இங்க போட்டா கட்டணம் 15,000 ரூபா. இல்லன்னா அவ ஊருக்கு போய் இந்திய தூதரகத்துல என்ட்ரி விசா வாங்கிட்டு வரணும். நாலு நாள் டூருக்கு மணிலா வரைக்கும் போய்ட்டு வரவா?

தங்குறதும் இப்படித்தான். வழியில ஒரு லாட்ஜுக்கு போன் பண்ணி பாரின் பாஸ்போர்ட்னு சொன்ன ஒடனே ரூம் இல்லன்னுட்டாங்க, ஒரு நிமிசம் முன்னாடி இருந்த ரூம். காரணம் எனக்கு தெரியும், வெளிநாட்டு ஆளு தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்த ஒரு ஃபார்ம்ல ஆன்லைன்ல ஏத்தணும், அது மெனக்கேடுன்னு கைய விரிக்காங்க. வீட்டுல தங்க வச்சாலும் அதே ஃபார்ம்தான். அவ வந்த அன்னைக்கு நான் ராத்திரி உக்காந்து ஏத்துனத பாத்துட்டு எனக்க அம்மை, "எனக்க மருமவ எனக்க வீட்டுல கெடக்கதுக்கு நீ யார்ட்டலே கேக்கிய"ன்னு ஏசினா.

இன்னொன்னு. 2011 ஜூன்ல தூத்துக்குடியில இருந்து கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ்னு பெரிய கப்பல் ஓடிச்சு, ஆறு மாசம் தெகையல, நின்னு போச்சு. தூத்துக்குடின்னா எங்களுக்கு காலம்பற காப்பி குடிச்சிட்டு கெளம்புற தூரம். அத இனி யாராச்சும் ஓட்டுனா வண்டி ஏத்துற மாதிரி ஓட்டச் சொல்லி நீங்க எழுதணும்.

எங்க கடக்கரையில கப்பல் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போனவங்கதான் பாதி, என்ன மாதிரி கல்யாணம் பண்ணவங்க நாலஞ்சு பேரு எனக்கே தெரியும். அடுத்த தடவ அந்த கப்பல் செய்தி போடும்போது ஓரமா ஒரு பெட்டி கட்டி, எந்த விசாக்காரங்க அதுல திரும்பி வரலாம், எந்த மாசம் ஓடாது, காரு எங்க விடலாம்னு அதிகாரிங்கட்ட கேட்டு தமிழ்ல போடுங்க. டிக்கெட் குடுக்குற எடத்துலயும் அத ஒரு போர்டா எழுதி வைக்கச் சொல்லுங்க. மார்ச்சுக்கு முன்னாடி வந்தா உபகாரம், ஏன்னா வேளாங்கண்ணிக்கு நேந்துக்கிட்ட மெழுகுவர்த்திய அவ இப்பவே வாங்கி காரு டேஷ்போர்டுல வச்சாச்சு, வெயில்ல வளைஞ்சுட்டு இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குளச்சல் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்.