கப்பல் சொன்ன ஊரைப் பார்த்துவிட்டேன்

ஹூஸ்டன்,
நவம்பர், திங்கள் இரவு.

அன்புள்ள வாத்தியாருக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று உன் தங்கை கேட்கச் சொன்னாள். சர்க்கரை அளவை நான் கேட்கவில்லை; கேட்டாலும் நீ உண்மையைச் சொல்லப் போவதில்லை. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். மகளும் மருமகனும் சுகம். குடும்பச் செய்திகள் இத்துடன் முடிந்தன.

கடலோடியாக இருந்த நம் நண்பன் ‘கப்பல்’ இறந்துபோனதிலிருந்து நாம் இருவரும் தொலைபேசியில் மழையைப் பற்றிப் பேசினோம், ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசினோம், அவனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பது இருவருக்கும் தெரியும். இனியும் அப்படித் தள்ளிப்போட முடியாது. ஏனென்றால் இந்த வார இறுதியில் மருமகன் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் வந்தார். ஆமாம், அதே ஊர்தான். நம் நண்பன் தந்தி ‘புளுகுப் பட்டணம்’ என்று பெயர் சூட்டிய அந்த ஊரேதான். ஹூஸ்டனிலிருந்து ஏறத்தாழ 560 கிலோமீட்டர். வழியில் அட்சஃபலாயா என்ற சதுப்பு நிலத்தின் மேலே 29 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலத்திலேயே போகிறோம். இந்தப் பாலத்தைப் பற்றிக் கப்பல் ஒன்றுமே சொல்லவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் அவன் எப்போதும் கடல் வழியாக வந்தவன் என்பது உறைத்தது. கடலிலிருந்து மிசிசிப்பி ஆற்றுக்குள் நுழைந்து, 160 கிலோமீட்டர் எதிரேறி வந்து, சோளமும் சோயாவும் ஏற்றுவதற்கு முறை வரும் வரையில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களில் ஒன்றின் எந்திர அறையில் வியர்த்துக்கொண்டிருந்தவன் அவன். கரையில் கால் வைக்கக் கிடைத்த அந்தச் சில மாலைகளைத்தான் நம்மிடம் நாற்பது ஆண்டுகளாகக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதலில் காபி விவகாரத்தைத் தீர்த்துவிடுகிறேன். அமெரிக்காவில் ஓர் ஊரில் சிக்கரி கலந்த காபியைப் பாதிக்குப் பாதி கொதிக்கும் பால் விட்டுத் தருகிறார்கள் என்று அவன் சொன்னபோது விடுதி மாடியே அதிரும்படி நாம் சிரித்தோமே, அது முழு உண்மை. ஆற்றங்கரையை ஒட்டி, ஜாக்சன் சதுக்கத்துக்கு எதிரே, 1862 முதல் நடந்து வரும் கஃபே டு மாண்ட் என்ற கடையில் அதைக் குடித்தேன். உள்நாட்டுப் போரின்போது துறைமுகம் முற்றுகையிடப்பட்டு, காபிக்கொட்டை வரத்து நின்றுபோனதால் சிக்கரி பழக்கம் அங்கே ஊன்றிவிட்டது என்கிறார்கள். பற்றாக்குறை தீர்ந்த பிறகும் ஊர்க்காரர்களின் நாக்கு அதை விடவில்லை. கூடவே பென்யே என்று ஒரு பலகாரம் தருகிறார்கள்: சதுரமாக வெட்டிப் பொரித்த மாவு, தட்டுக்கு மூன்று, அதன்மேல் மலையாகக் குவித்த பொடிச் சர்க்கரை. அதைக் கடிக்கும்போது மூச்சை வெளியே விடக் கூடாது என்று கப்பல் எச்சரித்தது எனக்கு நினைவில்லை. உன் தங்கையின் கறுப்புச் சால்வை விபூதி கொட்டியது போலாகிவிட்டது. இந்த ஒரு செய்தியை மட்டும் தந்தியிடம் சொல்லிவிடு. அவன் கப்பலுக்கு ஒரு மன்னிப்புக் கடன் பட்டிருக்கிறான்.

மற்றபடி, அந்த ஊர் மனிதனைச் சும்மா உட்காரவிடாத ஊர். 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவியது. பிறகு ஸ்பெயினிடம் போயிற்று. மீண்டும் பிரான்சிடம் வந்தது. 1803இல் நெப்போலியன் லூசியானா நிலப்பரப்பு முழுவதையும் ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றபோது அதனோடு கை மாறியது. அந்தக் கைமாற்றம் நடந்த கபில்டோ மாளிகை தேவாலயத்தின் பக்கத்திலேயே நிற்கிறது. பெயர் பிரெஞ்சுக் குடியிருப்பு. ஆனால் 1788இலும் 1794இலும் பற்றிய பெருந்தீயில் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் அழிந்துபோக, ஸ்பானியர் ஆட்சியில்தான் அது மீண்டும் எழுந்தது. வெளியே காரை பூசிய சுவர், உள்ளே நம் செட்டிநாட்டு வீடுகளில் காண்பது போன்ற திறந்த முற்றம். தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பூவேலை மாடங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்ந்தவை. 1835 முதல் ஓடும் செயின்ட் சார்லஸ் டிராமில் மர இருக்கையில் அமர்ந்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓக் மரங்களின் கீழே ஊர்கோலம் போனோம். அந்த மரங்களின் கிளைகளில் மார்டி கிரா திருவிழாவில் வீசிய பாசிமணிச் சரங்கள் இன்னும் தொங்குகின்றன. சாப்பாட்டைப் பற்றி உன் தங்கையிடம் கேட்காதே. வெண்டைக்காய் போட்ட குழம்பு என்று ஆசையோடு கம்போ வாங்கினாள், உள்ளே இறால் இருந்தது. திங்கட்கிழமைதோறும் அந்த ஊரில் சமைக்கும் சிவப்பு ராஜ்மாச் சோறு கிளம்புவதற்கு முன்பு கிடைத்தது, அதற்குள் இறைச்சித் துண்டு இருந்தது. ஊர் முழுக்கப் பென்யேயும் காபியுமாகவே அவள் பொழுது போயிற்று.

இவ்வளவு அழகையும் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் கப்பலே என்னைத் திட்டுவான். அந்த அழகான முற்றங்களுக்கு நடுவேதான் நாட்டின் மிகப் பெரிய அடிமைச் சந்தை நடந்தது. காங்கோ சதுக்கம் என்று ஒரு திடல் இருக்கிறது. அடிமைகள் கூடுவதற்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரே ஓர் இடத்தில் மட்டும் என்று 1817இல் நகராட்சி விதி போட, அவர்கள் அங்கே கூடிப் பறை முழக்கி ஆடினார்கள். ஜாஸ் இசையின் வேரைத் தேடிப் போகிறவர்கள் அந்த மண்ணில்தான் வந்து நிற்கிறார்கள். லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பிறந்து வளர்ந்ததும் அந்த ஊரில்தான். அவர் பெயரிலுள்ள பூங்காவுக்குள்தான் இப்போது அந்தத் திடல் இருக்கிறது.

அவன் சொன்ன இரண்டாவது ‘புளுகு’, பிணத்தைப் புதைக்காமல் வீடு கட்டிக் குடிவைப்பார்கள் என்பது. அதுவும் உண்மை. 1789இல் திறந்த செயின்ட் லூயிஸ் முதலாம் கல்லறைத் தோட்டத்துக்கு வழிகாட்டி ஒருவருடன்தான் போக முடிகிறது. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் ஊர். பிரெஞ்சு, ஸ்பானிய வழக்கமும் சேர்ந்துகொண்டது. செங்கல்லால் கட்டி, சுண்ணாம்பு பூசி, வாசல் வைத்த சிறு வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. ஓராண்டும் ஒரு நாளும் கழிந்த பிறகு உள்ளே இருக்கும் எலும்புகளைக் கீழறையில் சேர்த்துவிட்டு, அதே இடத்தில் அந்தக் குடும்பத்தின் அடுத்தவரை வைப்பார்களாம். ஹோமர் பிளெஸ்ஸி அங்கேதான் இருக்கிறார். 1892இல் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் ஏறி அமர்ந்து கைதானவர். அவருடைய வழக்கில்தான் 1896இல் உச்ச நீதிமன்றம் நிறப் பிரிவினையைச் சட்டப்படி சரி என்றது. அந்தக் குற்றத்துக்கு ஆளுநரின் மன்னிப்பு 2022இல் வந்தது. யார் யாரை மன்னிப்பது என்று நீ உன் பாணியில் கேட்பாய் என நினைத்துக்கொண்டேன்.

இனி மூன்றாவதுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

உன் மகள் கல்யாணத்துக்கு முந்தைய இரவு மண்டபத்து மொட்டை மாடியில் அவன் சொன்னது உனக்கு மறந்திருக்காது. “நான் செத்தால் அழுதுகொண்டே போங்கள், ஆடிக்கொண்டே திரும்புங்கள், அந்த ஊரில் அப்படித்தான்” என்றான். ஆடுவது யார், உன் தம்பியா என்று தந்தி கேட்டான். சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

ஞாயிறன்று ட்ரெமே என்ற பழைய கறுப்பினக் குடியிருப்பில் நின்றுகொண்டிருந்தோம். குளிர்காலம் தொடங்கும் இந்தப் பருவத்தில் ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு சங்கத்தார் ஊர்வலம் விடுகிறார்கள். முன்னே ஒரே நிறத்தில் கோட்டும் தொப்பியும் அணிந்த சங்க உறுப்பினர்கள், அவர்களுக்குப் பின்னே ட்ரம்பெட்டும் டிராம்போனும் சூசாபோனும் பெரிய முரசும் கொண்ட பித்தளை வாத்தியக் குழு, அதற்கும் பின்னே கைக்குட்டையை வீசி ஆடிக்கொண்டு வரும் ஊர் மக்கள். அந்தப் பின்வரிசைக்குத்தான் செகண்ட் லைன் என்று பெயர். அதில் யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். எனக்கு அருகே நடந்த ஒரு மூதாட்டி தம் தம்பியின் படம் அச்சிட்ட சட்டையை அணிந்திருந்தார். படத்தின் கீழே பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும். அவர்தான் எனக்கு விளக்கிச் சொன்னார். சாவு ஊர்வலத்தில் கல்லறைக்குப் போகும் வரை மெதுவான துதிப்பாட்டு. முரசின் ஓசையை அடக்கிவைத்து, தலைவர் தொப்பியை நெஞ்சில் வைத்து, ஓரடிக்கு ஒரு நிறுத்தம் கொடுத்து நடப்பார். உடலை விட்டுப் பிரியும் இடம் வந்ததும் முரசு திறந்துகொள்ளும். அதன் பிறகு திரும்பும் வழி முழுவதும் ஆட்டம்தான். நான் கைபேசியில் இருந்த கப்பலின் படத்தைக் காட்டினேன், அந்தக் கடற்கரைப் படம்தான், நீ பாதி வெட்டுப்பட்டு நிற்பாயே, அது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தம் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து என் கையில் திணித்து, “வீசு” என்றார். வீசினேன், வாத்தியாரே. எனக்கு ஆடத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். உன் தங்கை சாலையோரத்தில் நின்று, முதலில் வெட்கப்பட்டாள், பிறகு அழுதாள்.

அந்தச் சங்கங்களின் கதைதான் என்னை இன்னும் விடவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பின மக்களைத் திரும்பிப் பார்க்காத பத்தொன்பதாம் நூற்றாண்டில், அவர்கள் தங்களுக்குள் சந்தா பிரித்து, நோய் வந்தால் மருத்துவர், செத்தால் பெட்டியும் கல்லறையும் வாத்தியமும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். நம் ஆலைத் தொழிற்சங்கத்தில் மரண நிதி பிடித்தோமே, அதே கணக்கு. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலின்போது வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து ஊரின் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கிய பிறகும், எங்கெங்கோ சிதறிப் போனவர்கள் திரும்பி வந்து இந்த ஊர்வலங்களை மீண்டும் தொடங்கினார்கள். அந்த வாரம் கப்பல் இரவெல்லாம் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தான் என்று அவன் மனைவி, நம் மதினி, சொன்னார். சுனாமிக்குக்கூட அவன் அப்படி வாய் திறக்காமல் இருந்ததில்லையாம்.

இப்போது நாம் அவனை அனுப்பிவைத்த விதத்தை யோசித்துப் பார். ஆலை கதவடைப்புச் செய்த காலத்தில், “என்னிடம் இருந்தால் செலவாகிவிடும், உன்னிடம் பத்திரமாக இருக்கட்டும்” என்று ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் எனக்குப் பணம் அனுப்பி, கடைசி வரையில் திருப்பிக் கேட்காதவன். என் அம்மா கிடந்தபோது, பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கி, சொந்த வீட்டுக்குப் போகாமல் பெட்டியோடு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து தாழ்வாரத்தில் படுத்துக் கிடந்தவன். உனக்கு அவன் செய்ததை நான் எழுத மாட்டேன்; பேருந்து நிலையத்து நள்ளிரவை நீ மறந்திருக்க மாட்டாய். அப்படிப்பட்டவனை, மேளம் வைத்தால் அடுக்ககச் சங்கம் ஆட்சேபிக்கும் என்று சொல்லி, குளிர்ப்பெட்டியிலிருந்து வண்டிக்கும் வண்டியிலிருந்து மின்மயானத்துக்கும் மாற்றி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டார்கள். ஒரு சங்கு ஊதக்கூட ஆள் இல்லை. நாம் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றோம்.

ஆகவே நான் முடிவு செய்திருப்பது இது. தை மாதம் தலைத் திவசம் ஊரில்தான் என்று மதினி சொல்லியிருக்கிறார். அன்று மாலை, திருச்செந்தூர்ப் பக்கத்து அவன் தெருவில், கடற்கரை வரைக்கும் மேளத்தோடு ஓர் ஊர்வலம் போக வேண்டும். நையாண்டி மேளமா பறையா என்பதை நீ சொல். பறை என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் சாவுக்கு அடிக்க வரவேண்டும் என்று ஒரு சாதியைக் கட்டாயப்படுத்தி, காசைக் கையில் கொடுக்காமல் தரையில் போட்டு, பந்தலுக்கு வெளியே நிறுத்திச் சோறு போட்டதை நீயும் நானும் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். இனி சாவுக்கு வாசிக்க மாட்டோம் என்று கலைஞர்கள் பலர் மறுத்தது முற்றிலும் நியாயம். நியூ ஆர்லியன்ஸில் வாசிப்பவர்கள் ஏவலுக்கு வந்தவர்களாக இல்லை. அவர்கள் தெருக்காரர்கள், இறந்தவனைத் தெரிந்தவர்கள். எனவே மேடைகளில் வாசிக்கும் குழு ஒன்றிடம் விவரத்தைச் சொல்லி, விருப்பமிருந்தால் வரச் சொல்லி, அவர்கள் கேட்கும் தொகையை முன்பணத்தோடு கொடுத்து, நம்மோடு ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பிட வேண்டும். இதற்கு ஒப்பாவிட்டால் ஊர்வலமே வேண்டாம்.

கப்பலின் தம்பி குதிப்பான். தெருவில் நான்கு பேர் என்ன சொல்வார்கள் என்பான். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பயம் மதினியை நினைத்துத்தான். அவர் வேண்டாம் என்றால் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். தொலைபேசியில் கேட்கிற விஷயம் இது இல்லை. நீ நேரில் போய், ஒரு காபி குடித்து, மொட்டை மாடியில் அவன் சொன்னதை அவன் சொன்னபடியே சொல். அவரிடமும் அதை எப்போதாவது சொல்லியிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. செலவில் பாதி என்னுடையது, மீதியில் உன் பங்கையும் தந்தி பங்கையும் நீ பார்த்துக்கொள். ஆனால் தந்தியிடம் இப்போதைக்குக் காபியோடு நிறுத்திக்கொள். ஊர்வலம் அவன் காதில் விழுந்தால் மதினிக்கு முன்னால் திருச்செந்தூருக்குத் தெரிந்துவிடும்.

மார்கழிக் கடைசியில் வந்து சேர்கிறேன். அதற்குள் மதினி சொன்ன பதிலை எழுது. குரல்செய்தி அனுப்பாதே; உன் குரல்செய்தியில் பாதி இருமல்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்