மழை நாளில் படம் அனுப்பிய தம்பிக்கு நன்றி

சேலத்தில் திரைப்பட டிவிடிகளை வாடகைக்குத் தரும் கடையில் பணிபுரியும், நான் பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாத அந்தத் தம்பிக்கு இந்த நன்றிப் பதிவு.

கனமழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்து சில நாட்கள் கடை திறக்கவில்லை. மண் சரிந்ததால், 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு மலைப்பாதையிலும் போக்குவரத்து நின்றது. ஏற்காட்டில் படுக்கையில் இருக்கும் என் தந்தைக்கு, 1935-இல் டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தின் பழைய படங்கள்தான் மாலைப் பொழுதுக்குத் துணை.

நான் எதுவும் கேட்கவில்லை. நீங்களாகவே கடைக் குறிப்பேட்டில் எங்கள் எண்ணைத் தேடி அழைத்து, "அப்பா அடுத்து எந்தப் படம் கேட்டிருந்தார்?" என்று விசாரித்தீர்கள். நனைந்த வட்டுகளை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பார்த்து, மாற்றுப் பாதையான குப்பனூர் வழியாக மலையேறிய காய்கறி வண்டியில் கொடுத்தனுப்பினீர்கள். உறையின் மேல், "கடை மூடியிருந்த நாட்களுக்கு வாடகை வேண்டாம்" என்று எழுதியிருந்தது. முதலாளி சொல்லி எழுதினீர்களோ, நீங்களே எழுதினீர்களோ, அதைப் படித்ததும் அப்பா கண்கலங்கினார்.

கைப்பேசியிலேயே படம் பார்க்கலாமே என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அப்பாவுக்குப் பிடித்த படங்களை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் இருக்கும்வரை நாங்கள் வேறு இடம் தேடப்போவதில்லை. அடுத்த ஆண்டுக்கான சந்தாவைக் கட்ட நேரில் வருகிறேன், தம்பி. அப்பாவும் உங்களிடம் தொலைபேசியில் பேச வேண்டும் என்கிறார்.