புதன்கிழமை வேதபாடம் பத்தி செல்வினுக்கு

டேய் செல்வின்,

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டப்புறம்தான் எனக்கு நிம்மதியா இருக்கு. நாங்க இங்க அமெரிக்காவுல, அரிசோனா மாநிலத்து பீனிக்ஸ்ல எல்லாரும் சுகம்.

உங்க சர்ச்ல ஆராதனை தவிர வேற என்னடா நடக்குதுன்னு கேட்டிருந்த. புதன்கிழமை வேதபாடம்தான்டா எனக்கு இப்ப பெரிய விஷயம். லேவியராகமம் 19 படிச்சோம், அந்நியனை உன் சொந்த ஊர்க்காரனைப் போல நேசின்னு வருதுல்ல, அந்த இடம். அதுல இருந்து பேச்சு எங்க மாநிலத்துலயே இருக்கற டூசான் நகரத்துக்குப் போயிடுச்சு.

அங்க சவுத்சைட் பிரஸ்பிட்டேரியன் சர்ச்னு ஒண்ணு இருக்கு. 1982 மார்ச் 24, அதாவது எல் சால்வடார்ல ஆர்ச்பிஷப் ரொமேரோவை சுட்டுக் கொன்னு சரியா ரெண்டு வருஷம் ஆன நாள், பாஸ்டர் ஜான் ஃபைஃபும் சபையாரும் எல்லாருக்கும் தெரியவே அறிவிச்சுட்டாங்க, சால்வடார், குவாத்தமாலால இருந்து உயிருக்குப் பயந்து ஓடி வர்றவங்களுக்கு எங்க சர்ச் அடைக்கலம்னு. வாசல்ல ஸ்பானிஷ்ல பேனரே கட்டிட்டாங்கடா. அந்த காலத்துல சால்வடார்க்காரங்க அமெரிக்க அரசாங்கத்துகிட்ட அசைலம், அதாவது சட்டப்படி அடைக்கலம் கேட்டா நூத்துக்கு மூணு பேருக்குக் கூட கிடைக்காது.

அரசாங்கம் என்ன பண்ணுச்சு தெரியுமா, உளவாளிங்களை உடம்புல ரெக்கார்டர் மாட்டி சர்ச்சுக்குள்ளயே அனுப்புச்சு. அரிசோனால நாலு சபையில, ஆராதனையை, ஜெபத்தை எல்லாம் பதிவு பண்ணிருக்காங்க. 1986ல ஃபைஃப் உட்பட எட்டு பேரைக் குற்றவாளின்னு தீர்ப்பு சொன்னாங்க, ஜெயில் இல்ல, ப்ரொபேஷன்தான், அதாவது வெளியே இருந்தாலும் கோர்ட் கண்காணிப்புல இருக்கணும். ஆனா தீர்ப்பை விட எனக்கு நெஞ்சுல நின்னது சபைகள் திருப்பி கேஸ் போட்டப்ப கோர்ட்ல சொன்னதுதான்: ஆள் வராம ஒரு வேதபாட குழுவையே நிறுத்த வேண்டியதாச்சு, ஜனங்க வாய்விட்டு ஜெபிக்கவே தயங்கறாங்க, பாஸ்டர்கிட்ட மனசு திறந்து பேச பயப்படறாங்க. 1989ல அப்பீல் கோர்ட், இதுக்காக வழக்கு போட சபைக்கு உரிமை உண்டுன்னு சொல்லிடுச்சு.

இதைப் படிச்சு முடிச்சதும் ரூம்ல யாரும் பேசல. ஏன்னா இது பழைய கதை இல்லடா. சர்ச், ஸ்கூல் மாதிரி இடங்கள்ல இமிக்ரேஷன்காரங்க நுழையறதுக்கு இருந்த கட்டுப்பாட்டை 2025 ஜனவரில எடுத்துட்டாங்க, அதை எதிர்த்து போட்ட கேஸ்ல எங்க பிரஸ்பிட்டேரியன் சபையும் சேந்துச்சு. அப்ப ஒரு எல்டர் (சபை மூப்பர்) மெதுவா கேட்டார், புதுசா வர்றவங்களை கொஞ்சம் விசாரிச்சு உள்ள விடலாமான்னு. அவர் பயம் எனக்குப் புரியுது, எங்க குழுவுலயே பேப்பர் சரியா இல்லாத குடும்பம் இருக்கு. ஆனாலும் வேண்டாம்னுதான் சொன்னேன். வேதபாடத்துக்கு வர்றவன்கிட்ட நீ யாருன்னு நாமளே கேக்க ஆரம்பிச்சா அந்த ரெக்கார்டர் செஞ்ச வேலையை நாமளே செஞ்சு முடிச்ச மாதிரிடா. அந்தக் குடும்பத்துக்கு வக்கீல் பாக்கலாம், கூட கோர்ட்டுக்குப் போலாம், ராத்திரி போன் வந்தா யார் எடுக்கறதுன்னு முறை வைக்கலாம், கதவு மட்டும் திறந்தே இருக்கணும். ஃபைஃபை எடுத்துக்கோ, தண்டனை வாங்கின அதே மனுஷனைத்தான் 1992ல ஜெனரல் அசெம்பிளிக்கு, அதாவது எங்க சபையோட தேசிய பொதுப்பேரவைக்கு, மாடரேட்டரா (தலைவரா) தேர்ந்தெடுத்தாங்க.

புதுசா வர்றவங்களை விசாரிக்கலாமாங்கற விஷயம் இப்ப செஷன்கிட்ட, அதாவது எங்க சர்ச் மூப்பர் குழுகிட்ட இருக்கு, அடுத்த மாசம் முடிவு பண்ணுவாங்க. அடுத்த புதன் யோசுவா 20, அடைக்கலப் பட்டணங்கள். நீ சண்டே ஸ்கூல்ல அதை எப்படி நடத்துவன்னு எழுதுடா, பசங்க என்ன கேள்வி கேட்டாங்கன்னும் சொல்லு, எனக்கு இங்க உதவும்.

உன்
ஜெபராஜ்